பரங்கிப்பேட்டையில் உருகிய இரும்பு

ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் பொள்ளிலூர்ப் போர் வண்ண ஓவியமாக விரிந்து கிடக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த அவ்வூரில், 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஹைதர் அலியும் அவர் மைந்தர் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்த காட்சி அது. பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடித்தவாறு இருக்கும் பெய்லியைக் காணாமல் அங்கிருந்து திரும்புவோர் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் பரங்கிப்பேட்டையில் நிகழ்ந்த போரை அம்மாளிகையில் தேடினால் காணோம். அதில் ஹைதர் தோற்றார். தோற்ற போரை எந்த அரசன் தன் மாளிகைச் சுவரில் எழுதுவித்தான்?

மைசூரில் வாழும் தமிழராகிய நாம் அவ்வோவியத்தின் முன் நிற்கும்போது, அதில் இல்லாத ஊரையும் நினைத்துப் பார்ப்பதுண்டு. 1780-இல் ஹைதரின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியபோது, அவருடைய இளைய மைந்தர் கரீம் சாகிப் ஒரு பிரிவுடன் வந்து பரங்கிப்பேட்டையைக் கொள்ளையிட்டார். மறு ஆண்டில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் சிதம்பரம் கோயிலரணைத் தாக்கிப் பிடிக்க முடியாமல், கப்பற்படையின் துணையை நாடிக் கடலோரம் ஒதுங்கினார். அப்போதுதான் ஹைதர் அவரை வழிமறித்தார். கடல் ஒருபுறம், மணல்மேடுகள் ஒருபுறம். சிறு கப்பலொன்று கரையை நெருங்கி வந்து ஹைதரின் குதிரைப்படை மீது குண்டுகளைப் பொழிந்தது. போரின் முடிவு அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. பள்ளிச் சரித்திர நூல்கள் 'போர்ட்டோ நோவோ போர்' என்று ஒரு வரியில் சொல்லி முடிப்பது இதைத்தான்.

அந்த ஒரு வரியோடு பரங்கிப்பேட்டையை நாம் மறந்துவிடுகிறோம். போர் நடந்து ஐம்பது ஆண்டு நிறைவதற்கு முன்னரே அதே ஊரில் இரும்பு உருக்கும் பெரிய ஆலை ஒன்று எழுந்தது. இந்தியாவில் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கிய தொடக்கக்கால முயற்சிகளுள் அது தலையாயது. ஜாம்ஷெட்பூரில் டாட்டாவின் உலை முதல் இரும்பைத் தந்தது 1911-ஆம் ஆண்டின் இறுதியில். பரங்கிப்பேட்டை உலை அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டு மூத்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் இருந்த ஒரு சிற்றூருக்கு இப்பெருமை எப்படி வாய்த்தது, வாய்த்தது ஏன் நிலைக்கவில்லை என்பவற்றையே இன்று ஆராய முற்படுகிறோம்.

முதலில் ஊரின் பெயர். பரங்கியர் என்று நம் முன்னோர் அழைத்தது முதன்மையாகப் போர்த்துகீசியரை. பரங்கிமலையும் பரங்கிக்காயும் அவர்களை நினைவூட்டும் சொற்களே. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் இங்கே குடியேறி, தங்கள் மொழியில் 'புதுத் துறைமுகம்' என்று பொருள்படும் போர்ட்டோ நோவோ என்னும் பெயரை வைத்தார்கள். முஸ்லிம் வணிகர்கள் இதனை மஹ்மூது பந்தர் என்றார்கள். டச்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரும் இங்கே துணி வாங்கக் கிடங்கு அமைத்தார்கள். பரங்கிப்பேட்டை வராகன் என்றொரு பொற்காசே சோழமண்டலக் கரையில் வழங்கிற்று. தனக்கென ஒரு நாணயம் வழங்கப்பெற்ற ஊரைச் சிற்றூர் என்று சொல்லலாமா என்று நேயர்கள் கேட்கலாம். சொல்லலாம், துறைமுகம் சிறக்கும்போது ஊர் பெருத்தது, கப்பல் வராதபோது சுருங்கியது. போருக்குப்பின் அது சுருங்கிய நிலையிலேயே இருந்தது. 1824-ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கையால் இந்தியாவிலிருந்த டச்சுக் கிடங்குகள் யாவும் ஆங்கிலேயர் கைக்கு மாறின. துணி ஏற்றுமதியும் மான்செஸ்டர் ஆலைகளின் முன் நலிந்தது. வேலையின்றிக் கிடந்த அத்துறைமுகத்திற்குத்தான் இரும்பு வந்தது.

கொண்டுவந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைச் சேவையில் இருந்து, சேலம், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் கம்பெனியின் வர்த்தக அதிகாரியாகப் பணியாற்றியவர். சேலத்தில் வாழ்ந்த காலத்தில் அவர் இரண்டு பொருள்களைக் கண்டார். ஒன்று, கஞ்சமலை, கொடுமலை, தீர்த்தமலை ஆகிய மலைகளில் மலிந்து கிடந்த காந்தக்கல் என்னும் இரும்புத்தாது. மற்றொன்று, அத்தாதுவிலிருந்து நம் கிராமத்தார் எடுத்த உருக்கு.

இந்த உருக்கைப் பற்றிச் சிறிது நின்று சொல்ல வேண்டும். சேலத்து ஊர்களில் மண்ணால் செய்த உலை ஆள் உயரமே இருக்கும். ஆட்டுத்தோல் துருத்தியால் இருவர் மாறி மாறி ஊதுவர். காந்தக்கல்லைப் பொடித்து மரக்கரியோடு மாற்றி மாற்றி இடுவர். சில மணி நேரத்தில் அடியில் ஓர் இரும்புக் கட்டி திரளும். அதனைத் துண்டுகளாக்கி, ஒரு மண்மூசையில் ஆவாரை விறகுத் துண்டுகளுடன் இட்டு, மேலே எருக்கிலைகளைப் பரப்பி, வாயைக் களிமண்ணால் மூடிச் சூளையில் வைப்பர். உருகி ஆறியபின் மூசையை உடைத்தால் உருக்கு கிடைக்கும். ஆவாரைக்கும் எருக்குக்கும் அங்கே என்ன வேலை என்று ஹீத் சிந்தித்தார். இலையும் விறகும் மூடிய மூசைக்குள் வெந்து வெளியிடும் கரியைத்தான் இரும்பு உட்கொண்டு உருக்காகிறது என்று கண்டார். 1839-இல் ராயல் ஆசியச் சங்கத்தின் இதழில் இதனை எழுதி வெளியிட்டார். எகிப்தியர் கடுங்கல்லில் சித்திர எழுத்துக்களைச் செதுக்கிய உளிகள் இந்திய உருக்கால் ஆனவையாக இருக்கலாம் என்றும் அதில் ஊகித்தார். இந்த இரண்டாவது கருத்தை நாம் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. முதலாவது இன்றும் நிற்கிறது.

மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல்லின் மீது ஆசை. ஆங்கிலேயர் இவ்வுருக்கை 'ஊட்ஸ்' என்று எழுதினார்கள். 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் படித்த கட்டுரையால் அச்சொல் அறிவுலகில் பரவியது. பின்னர் மைக்கேல் பாரடேயும் அவ்வுருக்கை ஆராய்ந்தார். கன்னடத்தில் உருக்கிற்கு 'உக்கு' என்று பெயர். அதுவே திரிந்து ஊட்ஸ் ஆயிற்று என்பர். நம் 'உருக்கு' அதன் உடன்பிறப்பு. மைசூர் நாட்டிலும் இத்தொழில் செழித்திருந்தது. 1800-ஆம் ஆண்டில் இங்கே சுற்றுப்பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், சென்னபட்டணத்தில் வீணை முதலிய கருவிகளுக்கு உருக்குக் கம்பி இழுத்ததைக் குறித்துள்ளார். திப்புவின் வாணங்கள் ஆங்கிலேயரை அச்சுறுத்தியதற்கும், அவற்றின் மருந்தை அடைத்த குழல் இரும்பாலானது என்பதே காரணம். ஆகவே ஹீத் இந்நாட்டிற்கு இரும்பைக் கற்பிக்க வரவில்லை. இருந்த அறிவைப் பெரிய உலையில் ஏற்றி இங்கிலாந்துச் சந்தையில் விற்க வந்தார்.

அக்காலத்தில் ஷெபீல்டு நகரத்து உருக்காலைகள் நல்ல உருக்கிற்கு இங்கிலாந்து இரும்பை நம்புவதில்லை. நிலக்கரியில் உருகிய இரும்பில் கந்தகம் முதலிய மாசுகள் தங்கிவிடும். மரக்கரியில் உருக்கிய ஸ்வீடன் நாட்டு இரும்பையும் ருஷ்ய இரும்பையுமே அவை விலை கொடுத்து வாங்கின. சேலத்துக் காந்தக்கல் தூயது. அதனை மரக்கரியில் உருக்கினால் ஸ்வீடனுக்குப் போட்டியாக நிற்கலாம் என்பது ஹீத்தின் கணக்கு. கணக்கில் பிழையில்லை. உத்தியோகத்தை விட்டு, இங்கிலாந்து சென்று தொழிலைப் பயின்று திரும்பி, 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஆலையைத் தொடங்கினார். கம்பெனி சர்க்கார் முன்பணம் தந்தது. ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையும் தந்தது. 1833-இல் இது போர்ட்டோ நோவோ உருக்கு இரும்புக் கம்பெனியாயிற்று. பிறகு மலையாளக் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை எழுந்தது.

ஆனால் தாது சேலத்தில், ஆலை கடற்கரையில். இடைவெளி ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். அன்று இரயில் இல்லை. வரைபடத்தைப் பார்ப்பவருக்கு ஓர் ஆசை எழும். பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கும் வெள்ளாறு, சேலத்து மலைப்புறங்களிலிருந்து வரும் வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி உண்டாவது. தாது பிறக்கும் நாட்டிலிருந்தே ஆலையின் வாசலுக்கு ஓர் ஆறு! ஆயினும் அந்த ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணல் ஆறு. எனவே காவிரியிலும் கொள்ளிடத்திலும் பரிசல்களில் ஏற்றிச் சுற்றுவழியாகத் தாதுவைக் கொண்டுவர நேர்ந்தது. காவிரியில் வெள்ளம் உள்ள மாதங்களில்தான் அதுவும் ஆகும். கல்லைச் சுமந்து இறங்கிய பரிசலை மடக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தே மேல்நாடு திரும்புவது பரிசலோட்டிகளின் வழக்கம். இந்த நடையை எந்தக் கணக்கில் எழுதுவது?

கரி இதைவிடப் பெரிய சிக்கல். நான்கைந்து பங்கு விறகை மூட்டமிட்டால் ஒரு பங்கு கரி கிடைக்கும். ஒரு டன் இரும்பை உருக்க அதற்கும் மேற்பட்ட எடையுள்ள கரி வேண்டும். இரவும் பகலும் அணையாது எரிய வேண்டிய பெரிய உலை கிராமத்துச் சிற்றுலையைப் போன்றதன்று. அது காட்டை விழுங்கும். சிற்றுலைக்காரன் அறுவடை முடிந்த மாதங்களில் மட்டும் ஊதுவான். அவன் வெட்டிய புதர் மறுமழையில் துளிர்த்துவிடும். பெரிய உலைக்கு அந்தப் பொறுமை இல்லை. அருகிலிருந்த காடுகள் வெட்டப்பட்டபின், வண்டிகள் மேலும் மேலும் தொலைவு சென்றன. ஒவ்வொரு காதமும் கரியின் விலையை ஏற்றியது. உருக்கும்போது சேர்க்கும் சுண்ணாம்பிற்கு மட்டும் குறைவில்லை. கழிமுகத்துச் சிப்பிகள் வேண்டிய மட்டும் இருந்தன. கடற்கரை அந்த ஆலைக்குத் தந்த சீதனம் சிப்பியும் கப்பலும்தான்.

காடு அழிந்ததால் ஆலை அழிந்தது என்று சுருக்கமாகச் சொல்லுவோர் பலர். நாம் அதனோடு முழுவதும் உடன்படவில்லை. தாது ஓரிடத்திலும் விறகு வேறிடத்திலும், வாங்குவோர் ஏழாயிரம் மைலுக்கு அப்பாலும் இருந்ததே முதற்காரணம். மூன்றையும் கூட்டிய செலவை ஒரு டன் இரும்பின் விலை தாங்கவில்லை. சர்க்காரின் தனியுரிமையும் இதற்கு மருந்தாகவில்லை. போட்டிக்கு வேறொருவர் மலையடிவாரத்திலேயே சிறு ஆலை வைத்துப் பார்க்கும் வாய்ப்பைத்தான் அது தடுத்தது என்று கருத இடமுண்டு.

இரும்பின் தரத்தைப் பற்றி மட்டும் எவரும் குறை சொன்னதில்லை. வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணைமீது கட்டிய பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பு சேர்ந்தது என்று பல நூல்கள் பெருமையுடன் கூறுகின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அந்நீரிணையில் புகழ்பெற்ற பாலங்கள் இரண்டு. டெல்போர்டு கட்டிய தொங்குபாலம் 1826-ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்டது. பரங்கிப்பேட்டையில் அப்போது உலையே இல்லை. ஆகவே அக்கூற்று பொருந்துமானால், 1850-இல் முடிந்த பிரிட்டானியா இரும்புக்குழாய்ப் பாலத்திற்கே பொருந்தும். ஊர்ப்பெருமை பேசும்போதும் ஆண்டுக்கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஹீத்தின் கதை இரங்கத்தக்கது. இங்கிலாந்து திரும்பிய அவர், ஷெபீல்டு உருக்கில் மாங்கனீசும் கரியும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளை இட்டால், விலைமலிந்த உள்நாட்டு இரும்பிலிருந்தே நல்ல உருக்குப் பெறலாம் என்று கண்டுபிடித்து, 1839-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய முகவராக இருந்த அன்வின் என்பவர், மாங்கனீசையும் கரியையும் தனித்தனியே மூசையில் போட்டாலும் பயன் ஒன்றே என்று கண்டு, உரிமைத்தொகை கொடாமல் தாமே செய்யலானார். காப்புரிமைப் பத்திரத்தில் கூட்டுப்பொருள் என்று எழுதியிருந்ததே தவிர, தனித்தனிப் பொருள்கள் என்று எழுதவில்லை. சொல்லின் பிடியில் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 1851-இல் ஹீத் இறந்தார். 1855-இல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கமே தீர்ப்பளித்தது. ஷெபீல்டு செழித்தது. சேலத்து மூசையின் முன் பாடம் கேட்டவர் கண்ட உபாயம், ஸ்வீடன் இரும்பின் தேவையைக் குறைத்ததுபோலவே, பரங்கிப்பேட்டை இரும்பின் தேவையையும் குறைத்தது. தம் ஆலையின் சந்தையைத் தாமே கெடுத்த முதலாளி அவரைப்போல் வேறொருவர் இருப்பாரா என்பது ஐயம்.

அவர் மறைவிற்குப்பின், 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்று புதிதாக ஒன்று கூடி ஆலைகளை ஏற்றது. பரங்கிப்பேட்டை, பேப்பூர் ஆகியவற்றோடு, தாதுவுக்கு அருகிலும் உலை வைத்துப் பார்த்தது. காலம் கடந்துவிட்டது. 1856-இல் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடிற்று. அதன் தண்டவாளம் கடல் கடந்து வந்தது. இரயிலுக்கும் விறகு வேண்டியிருந்ததால் காடுகளுக்குப் போட்டி மிகுந்தது. அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் வன இலாகா அமைந்து, டாக்டர் கிளெக்கார்ன் அதன் தலைவரானார். அதே ஆண்டில்தான் பெஸ்ஸெமர் தம் புதிய முறையை இங்கிலாந்தில் அறிவித்தார். 1860-களில் பரங்கிப்பேட்டை உலைகள் குளிர்ந்தன. 1870-களில் கம்பெனியும் கலைந்தது. 1875-இல் வங்காளத்தில் குல்டியில் நிலக்கரியைக் கொண்டு இரும்பு உருகத் தொடங்கியது. தொழில் வடக்கே போய்விட்டது.

ஹீத்தின் பெயரைச் சொல்லும் நூல்கள், உலையின் வாயில் நின்று இரும்பு வடித்தவர்களின் பெயரைச் சொல்வதில்லை. கஞ்சமலைச் சாரலில் துருத்தி ஊதியவர்களின் நிலை இன்னும் மோசம். இங்கிலாந்திலிருந்து மலிவாக வந்த இரும்புப் பட்டைகளை ஊர்க்கொல்லர்கள் வாங்கத் தொடங்கினர். விறகிற்கு வரியும் கட்டுப்பாடும் வந்தன. நூற்றாண்டின் இறுதிக்குள் சிற்றுலைகள் பெரும்பாலும் அவிந்துவிட்டன. பெரிய உலை ஒன்று தோற்றதைச் சரித்திரம் எழுதி வைத்தது. நூற்றுக்கணக்கான சிறிய உலைகள் தோற்றதை ஊர்ப்புறத்துக் கசடுமேடுகளைக் கண்டுதான் நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

மரக்கரியால் பேரளவில் இரும்பு செய்வது இந்நாட்டில் ஆகாத காரியம் என்று இதிலிருந்து முடிவு கட்டலாமா? கூடாது என்பதற்கு நாம் வாழும் கன்னட நாடே சான்று. மைசூர் சமஸ்தானம் 1918-இல் பத்ராவதியில் ஓர் இரும்பாலையைத் தொடங்கியது. 1923-ஆம் ஆண்டு ஜனவரியில் அதன் உலை மூட்டப்பட்டது. அதுவும் மரக்கரி உலையே. அவ்வூரின் பழைய பெயர் பெங்கிபுரம். கன்னடத்தில் பெங்கி என்றால் நெருப்பு. பெயர்ப்பொருத்தம் பார்த்து வைத்த ஆலைபோல் தோன்றும்! சர் எம். விஸ்வேஸ்வரய்யா அதன் நிர்வாகத் தலைமையை ஏற்று நட்டத்திலிருந்து மீட்டார். அங்கே தாது கெம்மண்ணுகுண்டியிலிருந்து வந்தது. காடு ஆலையைச் சூழ்ந்தே இருந்தது. நீருக்குப் பத்ரா நதி. அன்றியும், விறகைத் திறந்த மூட்டத்தில் எரிக்காமல் மூடிய வாலைகளில் வாட்டியதால், கரியோடு தாரும் மரச்சாராயமும் கிடைத்தன. பரங்கிப்பேட்டையில் புகையாய்ப் போனது பத்ராவதியில் பணமாயிற்று. அங்கும் காடு எல்லையற்றதன்று. ஆயினும் 1950-களில் ஜோக் நீர்வீழ்ச்சியின் மின்சாரம் வந்து, மின்உலைகள் துணை நின்றன. பிற்காலத்தில் அவ்வாலையும் நலிந்தது வேறு கதை. பத்ராவதித் தொழிலாளர் குடியிருப்புகளில் தமிழ் ஒலிப்பதைக் கேட்டிருக்கும் நேயர்கள் அதனை நம்மினும் நன்கு அறிவர்.

பரங்கிப்பேட்டை இன்று கடலூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. மீன்பிடி, வெளிநாடு சென்றோர் அனுப்பும் பணம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் ஆகியவற்றால் அது அறியப்படுகிறது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அக்கரையோர மீனவர் ஊர்களை வாட்டியது. ஊரை அடுத்துப் பெரிய அனல்மின் நிலையம் ஒன்று எழுந்து, 600 மெகாவாட் ஆற்றலுள்ள இரண்டு அலகுகளும் 2015, 2016 ஆண்டுகளில் இயங்கத் தொடங்கின. கப்பலில் வரும் நிலக்கரியை நம்பி அது திட்டமிடப்பட்டது. அன்று இரும்பை வெளியே அனுப்பக் கடற்கரை வேண்டியிருந்தது. இன்று கரியை உள்ளே கொணரக் கடற்கரை வேண்டியிருக்கிறது.

சேலத்தின் பங்கும் ஒன்று சொல்ல வேண்டும். கஞ்சமலைத் தாதுவைக் கொண்டு உருக்காலை வேண்டும் என்று 1967-இல் தமிழகமே எழுச்சி நாள் கொண்டாடிக் கேட்டது. 1970-இல் அம்மலையின் அடிவாரத்தில் அடிக்கல் நாட்டினார்கள். 1980-களின் தொடக்கத்தில் அங்கே துருப்பிடியா எஃகுத் தகடுகள் வெளிவரத் தொடங்கின. அத்தகடுகளுக்கு வேண்டிய எஃகு வெளியூர்களிலிருந்து வந்தது. ஆலைக்கு நேர் எதிரே நிற்கும் மலையின் காந்தக்கல் அதற்குப் போகவில்லை.